போகாமல் இருப்பதற்கு என்ன விலை?

(செங்கல்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பது வருடத்துக்கு மேல் வணிகவியல் மாணவர்களுக்கு ஒப்பந்தச் சட்டம் நடத்தியவன் நான். அறக்கட்டளைக்காரர்கள் "சட்டம் வேண்டாம் சார், பையன்கள் எழுந்து போய்விடுவார்கள், விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். பேசப்போவது ஆடுகிறவர்களைப் பற்றி அல்ல. ஆடாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி. அணியில் பெயர் உண்டு, சட்டையில் எண் உண்டு, சம்பளமும் உண்டு. ஆட்டம் மட்டும் கிடையாது. அப்படிப்பட்டவருக்குச் சந்தையில் என்ன விலை, அந்த விலை எதற்காக, அவர் முன்னால் நீட்டப்படும் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா கூடாதா, இதுதான் இன்றைய பேச்சு.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது எல்லாருக்கும் தெரியும். போட்டி நடந்த பூஞ்சேரி பக்கம் போக முடியாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். பலர் மறந்துபோன ஒன்று: அந்தப் போட்டி நமக்கு எழுதியிருந்தது அல்ல. ரஷ்யாவில் நடக்கவேண்டியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வந்தது, ரஷ்யாவிடமிருந்து போட்டியைப் பறித்தார்கள், மார்ச் மாதம் சென்னைக்குக் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் அரங்கம் எழுப்பி, 180க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்களுக்கு அறையும் சாப்பாடும் ஏற்பாடு செய்து நடத்திக் காட்டினோம். அதாவது மாமல்லபுரமே அந்த வருடம் மாற்று ஆட்டக்காரர்தான். முதலாமவருக்கு அடிபட்டது, இரண்டாமவரைக் கூப்பிட்டார்கள். போட்டியின் சின்னமாக வேட்டி கட்டிய குதிரைக்கு 'தம்பி' என்று பெயர் வைத்தார்களே, அது யோசித்து வைத்ததா தெரியாது. எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது.

அந்த ஒலிம்பியாட்டில் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஆடுவது நான்கு பேர். ஐந்தாமவர் மாற்று. போட்டி தொடங்கும் முன் கொடுத்த வரிசையைப் பிறகு மாற்ற முடியாது; யாராவது ஓய்வெடுத்தால் கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு பலகை மேலே ஏறுவார்கள், மாற்று ஆட்டக்காரர் எப்போதும் கடைசிப் பலகையில் வந்து உட்காருவார். இந்தியப் பெண்கள் முதல் அணியில் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார். அப்படி ஓர் அணியில் ஐந்தாவது நாற்காலி அலங்காரத்துக்குப் போட்டதல்ல என்று சொல்லவேண்டியதில்லை.

செஸ் ஒலிம்பியாட்டில் எனக்குப் பிடித்த ஒரு நாகரிகம் உண்டு. மாற்றுப் பலகைக்கும் தனியாகத் தங்கம், வெள்ளி, வெண்கலம் கொடுக்கிறார்கள். மாமல்லபுரத்தில் பெண்கள் பிரிவில் மாற்றுப் பலகை வெண்கலம் வாங்கியவர் நாக்பூரைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக். இந்தியாவின் முதல் அணியில்கூட அல்ல, இரண்டாவது அணியில், அதிலும் ஐந்தாவது ஆள். இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியில் மூன்றாவது பலகை அவருடையது, தனித் தங்கமும் அவருக்கு. 2025 ஜூலையில் பாத்துமியில் கோனேரு ஹம்பியை வென்று பெண்கள் உலகக் கோப்பை. செஸ்ஸில் மாற்று ஆட்டக்காரருக்கும் ஆட்டம் கிடைக்கிறது, ஆடியதற்குப் புள்ளி கிடைக்கிறது, புள்ளிக்கு ரேட்டிங் ஏறுகிறது. உட்கார்ந்திருப்பதன் கணக்கு அங்கே சுத்தமாக இருக்கிறது.

கிரிக்கெட்டில் அப்படி இல்லை. குறிப்பாக விக்கெட் கீப்பருக்கு இல்லை. மாற்றுப் பந்துவீச்சாளருக்கு மூன்று நான்கு இடம் இருக்கிறது, எங்காவது நுழைந்துவிடலாம். கீப்பருக்கு ஒரே இடம். அங்கே இருப்பவருக்கு விரல் உடையவேண்டும், அல்லது அவர் மனம் உடையவேண்டும். அமெரிக்கர்கள் ஆடும் முட்டைப்பந்து ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு, பந்தை வாங்கி எறிகிறவர், ஆட்டத்துக்கே மூளை. அங்கேயும் ஒரே இடம். இரண்டாவது குவார்ட்டர்பேக் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் அட்டை வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். அவருக்கும் நம் இரண்டாவது கீப்பருக்கும் ஒரே ஜாதகம். அவரிடம் பின்னால் வருகிறேன்.

முதலில் என் சொந்தக் கதை, சுருக்கமாக. எழுபதுகளில் சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் அணி ஒன்றில் நான் இரண்டாவது கீப்பர். அணியின் பெயர் வேண்டாம், நடத்தியவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறு விடியற்காலை செங்கல்பட்டில் ரயில் ஏறுவேன். என் வேலை கையுறைக்குள் போடும் 'இன்னர்' உலர்த்துவது. நம் கடற்கரைப் புழுக்கம் தெரியுமே, பத்து ஓவருக்குள் கீப்பரின் இன்னர் பிழிந்தால் சொட்டும். ஈர இன்னரோடு நின்றால் விரல் ஊறி வெளுத்துவிடும், பந்து கையுறைக்குள் வழுக்கும். ஆகவே மூன்று ஜோடி. ஒன்று அவர் கையில், ஒன்று சைட்ஸ்கிரீன் சட்டத்தில் வெயிலில், ஒன்று என் இடுப்பில் செருகியிருக்கும். தண்ணீர் இடைவேளையில் ஓடிப்போய் மாற்றிக்கொடுப்பேன். வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். கெட்ட மனிதர் அல்ல. என்னைப் பார்த்தால் அவருக்குத் தன் விரல்கள் ஞாபகம் வரும், அவ்வளவுதான். இரண்டு சீசன் இப்படி. ரயில் சார்ஜும் மதியம் தயிர்சாதப் பொட்டலமும். அந்தச் சமயத்தில் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஓர் அணி என்னைக் கூப்பிட்டது, எல்லா ஆட்டமும் ஆடலாம் என்று. எங்கள் செயலாளர் "அடுத்த வாரம் நிச்சயம் நீதாம்பா" என்றார். அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. மொத்தம் ஓர் ஆட்டம் ஆடினேன்.

பல வருடம் கழித்து வகுப்பில் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 2, உட்பிரிவு (ஈ) நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தயிர்சாதத்தின் பொருள் விளங்கியது. 'மறுபயன்' என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். பத்திரம் எழுதுகிறவர்கள் பிரதிபலன் என்பார்கள். ஒப்பந்தம் என்றால் ஒருவர் கொடுப்பதற்கு மற்றவர் ஏதாவது கொடுக்கவேண்டும். அந்த ஏதாவது ஒரு காரியம் செய்வதாக இருக்கலாம் என்று சொன்ன சட்டம் அத்தோடு நிற்கவில்லை. ஒரு காரியத்தைச் செய்யாமல் இருப்பதாகவும் இருக்கலாம் என்கிறது. செய்யாதிருத்தலும் சரக்குதான். எனக்குத் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தது இன்னர் உலர்த்தியதற்கு அல்ல, அதைச் செய்ய ஒரு பொடியன் போதும். நான் திருக்கழுக்குன்றம் போகாமல் இருந்ததற்கு. அவர்கள் வாங்கியது என் வேலையை அல்ல, என் போகாமையை.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரே விஷயம்தான். பெஞ்சில் இருப்பவருக்குக் கொடுப்பதைக் கூலி என்று நினைத்துக்கொண்டு பேரம் பேசுவதால்தான் அவர் ஏமாறுகிறார். அது வாடகை. நிலத்தைத் தான் உழாவிட்டாலும் பரவாயில்லை, இன்னொருவன் உழாமல் இருக்கவேண்டும் என்று குத்தகைக்கு எடுப்பதுபோல.

இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கணக்கைப் பாருங்கள். ரஞ்சி ஆட்டத்தில் 40 ஆட்டத்துக்கு மேல் அனுபவமுள்ளவர் களத்தில் இறங்கினால் நாளுக்கு 60,000 ரூபாய். அணியில் இருந்து ஆடாதவருக்கு 30,000. 20 ஆட்டம் வரை ஆடிய இளைஞர் என்றால் 40,000, உட்கார்ந்தால் 20,000. டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம், ஆடாதவருக்கு அதில் பாதி. 2024 மார்ச்சில் டெஸ்ட் ஊக்கத்தொகை ஒன்று அறிவித்தார்களே, ஒரு சீசனின் டெஸ்ட்களில் 75 சதவீதத்துக்கு மேல் ஆடியவருக்கு ஆட்டத்துக்கு 45 லட்சம் கூடுதல். அதிலும் அணியில் இருந்து ஆடாதவருக்கு 22.5 லட்சம். எங்கே பார்த்தாலும் சரியாகப் பாதி. இந்தப் பாதியை யார் எப்படிக் கணக்குப் பண்ணினார்கள் என்று யோசித்திருக்கிறேன். கணக்கே இல்லை என்றுதான் தோன்றுகிறது. நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுப்பதுபோல ஒரு பழக்கம். ஆனால் நேர்மையான பழக்கம். யார் உட்கார்ந்தாலும் அதே தொகை.

ஐபிஎல் வேறு உலகம். ஏலத்தில் அடித்த விலை சீசனுக்கு. சீசன் முழுக்கக் கிடைக்கும்படி இருந்தால் ஓர் ஆட்டம்கூட ஆடாவிட்டாலும் முழுத் தொகை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2025 முதல் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 7.5 லட்சம் தனியாக என்று வந்தது. லீக் ஆட்டம் பதினான்கும் ஆடினால் 1 கோடியே 5 லட்சம். 30 லட்சத்துக்கு ஏலம் போன பையனுக்கு இதன் பொருள் என்ன? அவன் ஏல விலையைவிட மூன்றரை மடங்கு பணம் ஆடுவதில் இருக்கிறது. உட்காருவதற்கான வாடகையும் ஆடுவதற்கான கூலியும் முதல்முறையாகத் தனித்தனிக் கட்டத்தில் எழுதப்பட்டன. நல்ல கணக்கெழுத்து இது. எனக்கு இதில் மனக்குறை இல்லை.

இப்போது நாராயண் ஜெகதீசன். கோயம்புத்தூர்க்காரர், கீப்பர். 2018இல் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 லட்சத்துக்கு எடுத்தது. யாருக்குப் பின்னால் உட்கார என்று சொல்லவேண்டாம். 2022 வரை ஐந்து சீசன், ஆடியது ஏழு ஆட்டம். அந்த ஏழிலும் கையுறை அவரிடம் வரவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். தோனி ஆடும்போது யார் கீப்பிங் செய்வது? 2022 நவம்பர் நடுவில் அவரை விடுவித்த பட்டியல் வெளியானது. அப்போது விஜய் ஹசாரே கோப்பையில் அவர் சதத்துக்கு மேல் சதமாக அடித்துக்கொண்டிருந்தார். பட்டியல் வந்து ஒரு வாரத்துக்குள், நவம்பர் 21ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. 25 பவுண்டரி, 15 சிக்ஸர். லிஸ்ட் ஏ ஆட்டங்களில் அன்றைய உலக சாதனை. தொடர்ந்து ஐந்தாவது சதம், அதுவும் உலக சாதனை. எதிரணி பலவீனமானது என்பார்கள். சரி, ஆனால் அதே அணியோடு எல்லாரும்தான் ஆடினார்கள்.

டிசம்பர் 23 கொச்சி ஏலத்தில் கொல்கத்தா அவரை 90 லட்சத்துக்கு எடுத்தது. அதாவது வாடகைக்கு இருந்தபோது 20, கட்டு அவிழ்ந்த மறுமாதம் 90. ஐந்து வருடம் ஓர் இடத்தில் காத்திருந்ததன் மதிப்பு விலையில் ஏறவில்லை. சில வாரம் வேறிடத்தில் ஆடியது ஏறியது. இதில் சூப்பர் கிங்ஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் வாங்கிய சரக்கு வேறு.

அந்த நாற்காலிக்கே பிறகு என்ன விலை ஆயிற்று பாருங்கள். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் 18 கோடிக்குச் சென்னை வந்தார். பதிலுக்கு ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. ஜடேஜா 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கிக்கொண்டு போனார். அடுத்த மாத ஏலத்தில் இந்திய அணிக்கே ஆடியிராத கார்த்திக் சர்மா என்ற இளம் கீப்பருக்குச் சென்னை 14.2 கோடி கொடுத்தது. 2025இல் தோனிக்கு எழுதிய தொகை 4 கோடி. மூத்தவருக்கு 4, வாரிசுக்கு 18, வாரிசுக்குப் பின்னால் வருகிறவருக்கு 14.2. ஜெகதீசன் உட்கார்ந்த இடம் கிட்டத்தட்ட இதேதான், 20 லட்சம். எழுபது மடங்கு வித்தியாசம். திறமையில் எழுபது மடங்கு இருக்க முடியாது. ஜெகதீசன் உட்கார்ந்த காலத்தில் தோனி போய்விடுவார் என்ற பயம் அணிக்கு இல்லை. இப்போது இருக்கிறது. மாற்று ஆட்டக்காரரின் விலை அவர் கையில் இல்லை, முன்னால் நிற்பவரின் முழங்காலில் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள்: மாற்று வேறு, வாரிசு வேறு. இதை நம்மில் பலர் கலந்துவிடுகிறோம். தினேஷ் கார்த்திக்கைப் பாருங்கள். 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் ஒருநாள் ஆட்டம், நவம்பரில் மும்பையில் டெஸ்ட். தோனி வந்தது அந்த டிசம்பரில். மூன்று மாத மூப்பு. 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 263 ரன், இந்தியர்களில் அவர்தான் அதிகம். அப்படியும் 2010 ஜனவரிக்குப் பிறகு டெஸ்டில் இடமில்லை. 2014 டிசம்பரில் தோனி டெஸ்டிலிருந்து போனார். பத்து வருடம் வரிசையில் நின்றவருக்குக் கதவு திறந்ததா? சாஹா உள்ளே போனார். 2018 ஜூனில் சாஹாவுக்குக் காயம் என்று கூப்பிட்டபோது கார்த்திக் இடையில் 87 டெஸ்ட்களைத் தவறவிட்டிருந்தார். இந்தியாவில் அது அன்றைய சாதனை. அதற்குக் கோப்பை கிடையாது. இங்கிலாந்தில் இரண்டு டெஸ்ட் ஆடினார், மூன்றாவதில் ரிஷப் பந்த் வந்துவிட்டார். வரிசையில் நிற்பதால் முன்னுரிமை வரும் என்பது ரேஷன் கடை நியாயம். அணித் தேர்வில் அது செல்லாது.

ஆனால் கார்த்திக்கின் ஐபிஎல் விலைப்பட்டியலை எடுத்துப் படித்தால் வேறு கதை வருகிறது. 2014இல் டெல்லி 12.5 கோடி. 2015இல் பெங்களூரு 10.5 கோடி. 2016இல் குஜராத் லயன்ஸ் 2.3 கோடி. 2018இல் கொல்கத்தா 7.4 கோடி. 2022இல் மீண்டும் பெங்களூரு, 5.5 கோடி. ஒரே மனிதர், ஒரே கை. மார்க்கெட்டில் தக்காளி விலைகூட இப்படி ஆடாது. சென்னைப் பிள்ளை சென்னை அணிக்கு ஒருமுறைகூட ஆடவில்லை என்று ஆதங்கப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டமாகப் படுகிறது. மஞ்சள் சட்டை போட்டிருந்தால் இந்தியாவுக்காக எந்த நாற்காலியில் உட்கார்ந்தாரோ அதே நாற்காலி கோடையிலும். இந்திய அணியில் உட்கார்ந்துகொண்டே, ஐபிஎல்லில் எங்கே ஆட இடமிருக்கிறதோ அங்கே ஆடிக்கொண்டே போனார். 257 ஐபிஎல் ஆட்டம் அப்படி வந்தது. 2018 மார்ச் 18 கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதி: தோனிக்கு ஓய்வு, கீப்பர் இவர். 12 பந்தில் 34 வேண்டும் என்றபோது இறங்கினார். 8 பந்தில் 29, கடைசிப் பந்தில் 5 தேவை, எக்ஸ்ட்ரா கவர் மேலே சிக்ஸர். வேடிக்கை என்னவென்றால் கொல்கத்தா அவருக்கு 7.4 கோடி எழுதியது அதற்கு முந்தைய ஜனவரியிலேயே. அந்தச் சிக்ஸருக்கு ஒரு ரூபாய் ஏறவில்லை.

இதற்கு நேர் எதிர்க் கதைதான் அமெரிக்காவிலிருந்து. நிக் ஃபோல்ஸ், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் இரண்டாவது குவார்ட்டர்பேக். 2016இல் ஆட்டமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என யோசித்தவர். 2017 டிசம்பரில் முதலாமவர் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் போனது. ஃபோல்ஸ் இறங்கினார், 2018 பிப்ரவரி 4 சூப்பர் பவுல் இறுதியில் டாம் பிரேடியின் அணியை 41–33 என்று வென்று, ஆட்டநாயகனாகவும் ஆனார். மறு வருடம் வென்ட்ஸ் திரும்பி வந்தார், ஃபோல்ஸ் மறுபடியும் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். 2019 பிப்ரவரியில் அணி அவரை இன்னொரு வருடம் வைத்துக்கொள்ள 2 கோடி டாலர் என்று ஒப்பந்தத்திலிருந்த உரிமையைப் பயன்படுத்தியது. அதே ஒப்பந்தத்தில் அவருக்கும் ஓர் உரிமை இருந்தது: 20 லட்சம் டாலர் திருப்பிக் கட்டினால் கட்டு அவிழும். கட்டினார். போனார்.

மாணவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். போகாமைக்கு ஒரு விலை என்று நான் சொன்னேன். இங்கே போவதற்கான விலையை ஒரு மனிதர் தன் பையிலிருந்து எண்ணி வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே காகிதத்தில் எழுதியிருக்கிறது. அடுத்த மாதமே ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் நான்கு வருடத்துக்கு 8 கோடியே 80 லட்சம் டாலர் என்று கையெழுத்திட்டது. அதில் 5 கோடிக்கு மேல் உறுதித்தொகை, ஆடினாலும் ஆடாவிட்டாலும். முதல் ஆட்டத்திலேயே காறையெலும்பு உடைந்தது. இறங்கிய மாற்று ஆட்டக்காரர், கார்ட்னர் மின்ஷூ என்ற புதுப்பையன், பேர் வாங்கிவிட்டார். 2020 மார்ச்சில் ஃபோல்ஸைச் சிகாகோவுக்கு விற்றபோது பதிலாகக் கிடைத்தது, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் நான்காம் சுற்று உரிமை ஒன்று. 20 லட்சம் கட்டி விடுதலை வாங்கியது தப்பா? ஆட்டம் பார்க்கிறவர்கள் தப்பு என்பார்கள். ஒப்பந்தம் படிக்கிறவன் நான் சரி என்பேன். உறுதித்தொகையை எழுதி வாங்கிவிட்டுத்தான் அவர் களத்தில் இறங்கினார்.

அதே பிரேடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜிம்மி கரப்பலோ கதை இன்னும் விசித்திரம். 2017 அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோ ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமையைக் கொடுத்து அவரை வாங்கியது. 2018 பிப்ரவரியில் ஐந்து வருடத்துக்கு 13 கோடியே 75 லட்சம் டாலர். அதுவரை அவர் முதலாவதாக இறங்கி ஆடியது ஒரு கை விரல்களும் இரண்டாவது கையில் இரண்டும் சேர்ந்த எண்ணிக்கை. பிரிக்காத பார்சலுக்கு எப்போதும் விலை கூடுதல். நம் கார்த்திக் சர்மாவுக்கும் அதுதான்.

நம் சட்டத்தில் ஃபோல்ஸுக்குக் கிடைத்த கதவு உண்டா? ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27 வலுவானது. ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் கட்டிப்போடும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. ஜாகீர்கானின் விளம்பர நிர்வாக நிறுவனம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் அடுத்த வாய்ப்பைத் தன்னிடமே முதலில் காட்டவேண்டும் என்று ஒரு ஷரத்து வைத்திருந்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பெர்செப்ட் டிமார்க் வழக்கு. படிக்காமல் யாரும் விளையாட்டு ஒப்பந்தம் பற்றிப் பேசக்கூடாது. ஆனால் பிரிவு 27 பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்த பிறகு கைகொடுப்பது. ஒப்பந்தம் நடக்கும்போது பொறுத்துத்தான் ஆகவேண்டும். பொறுக்காமல் 2010இல் வேறு அணியோடு தானே பேரம் பேசிய ஜடேஜாவை அந்த வருட ஐபிஎல்லிலிருந்தே தள்ளி வைத்தார்கள். அதே ஜடேஜா பதினைந்து வருடம் கழித்து முறைப்படி வர்த்தகத்தில் போனார். அதற்கும் அவர் சம்மதம் வேண்டியிருந்தது. சம்மதம் கேட்பார்கள், விருப்பம் கேட்கமாட்டார்கள்.

நடுவில் ஒரு நல்ல வழியை ஐபிஎல் திறந்துபார்த்தது. ஒவ்வோர் அணியும் ஏழு ஆட்டம் முடித்த பிறகு, இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடாதவர்களை வேறு அணிக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்று. ஐரோப்பியக் கால்பந்தில் இளம் கோல்கீப்பர்களை இப்படித்தான் இரவல் கொடுத்து வளர்க்கிறார்கள். இங்கே அணிகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். ஏன் திரும்பும்? தன் பெஞ்சில் சும்மா இருக்கிற பையன் எதிரியின் களத்தில் ஐம்பது அடிப்பதைவிடச் சும்மாவே இருக்கட்டும். வாங்கியதே அதற்காகத்தானே.

கொஞ்சம் சந்தோஷமான கதையும் ஒன்று இருக்கிறது, அதுவும் மாமல்லபுரத்தில். 2023 பிப்ரவரி 23ஆம் தேதி தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் ஏலம் அங்கேதான் நடந்தது. அதுவரை ஆட்களைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் கை தூக்கி விலை சொன்னார்கள். ஓர் அணியின் பை 70 லட்சம். கோவை கிங்ஸ் அதில் 21.6 லட்சத்தைச் சாய் சுதர்சன் ஒருவருக்கே கொடுத்தது. அப்போது ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். உலகத்திலேயே பணக்காரக் கிரிக்கெட் லீக்கைவிட நம் மாநில லீக் அதிகம் மதித்த பையன் அவர். உள்ளூர்க்காரர்களுக்குச் சரக்கு தெரிந்திருந்தது. ஐந்து வாரம் கழித்து, மார்ச் 31, ஐபிஎல் முதல் ஆட்டம். எல்லைக்கோட்டில் சிக்ஸரைத் தடுக்கத் தாவிய வில்லியம்சன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவருக்குப் பதில் இறங்கியவர் சுதர்சன். அந்த சீசன் இறுதியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. 2025க்குத் தக்கவைத்துக்கொண்ட விலை 8.5 கோடி, அந்த சீசனில் 759 ரன், ஆரஞ்சுத் தொப்பி. அவர் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பிடித்தது இதுதான்: ஐபிஎல் பெஞ்சில் இருந்த வருடங்களிலும் கோடை முடிந்ததும் கோவைக்கு, மழைக்காலத்தில் தமிழ்நாட்டுக்கு, இடையில் இங்கிலாந்து கவுண்டிக்கு என்று எங்கே ஆட்டமோ அங்கே போய்க்கொண்டிருந்தார். போகாமையை ஓர் இரண்டு மாதத்துக்குத்தான் விற்றார்.

ஜெகதீசனும் நின்றுவிடவில்லை. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் பந்தின் பாதம் முறிந்தது. ஜெகதீசனை லண்டனுக்குக் கூப்பிட்டார்கள். ஓவல் டெஸ்டில் கீப்பராக ஆடியது துருவ் ஜுரல். மாற்றுக்கு மாற்றாகப் பெஞ்சில் உட்கார்ந்தார் ஜெகதீசன். அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸ் தொடருக்கும் அதே இடம். அங்கே கணக்குச் சுத்தம்: பாதி.

நம் பக்கத்தில் முன்பெல்லாம் இதற்கு வேறொரு ஏற்பாடு இருந்தது. கம்பெனி வேலை. கிர்மானிக்குப் பின்னால் பல பயணங்கள் போய் 1979இல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்ட் ஆடிய நம் பரத் ரெட்டி காலத்தில் ஏலம் ஏது? வங்கியோ ஆலையோ வேலை கொடுக்கும்; காலையில் கையெழுத்து, பிற்பகல் பயிற்சி. ஆட இடம் கிடைக்காதவனுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். அதுவும் போகாமைக்கு விலைதான், ஆனால் ஆயுள் முழுக்கத் தவணையில் கொடுத்தார்கள். அந்தக் கதவுகளில் பல சாத்தப்பட்டுவிட்டன.

கடைசியாக ஒரு பையன். பாலாற்றங்கரைக் கிராமம், கீப்பர், என் பழைய மாணவரின் மகன். மூன்று மாதம் முன்னால் இரண்டு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தான். ஒன்று சென்னையில் மேல் டிவிஷன் அணி: மாதாமாதம் தொகை, தங்க இடம், இரண்டாவது கீப்பர். இன்னொன்று கீழ் டிவிஷன்: பயணச் செலவு மட்டும், எல்லா ஆட்டமும் அவனே. "எதுல போடட்டும் சார்?" என்றான். முதல் காகிதத்தில், சீசன் நடுவில் அவன் வேறெங்கும் ஆடக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. எத்தனை ஆட்டம் கொடுப்போம் என்று ஒரு வரி இல்லை. அந்த இரண்டாவது வரியைக் கேட்டு எழுதி வாங்கு, ஐந்து ஆட்டம் என்றாவது, அல்லது தராவிட்டால் விட்டுவிடுவோம் என்றாவது, வாங்கினால் போடு என்றேன். கேட்டிருக்கிறான். "அதெல்லாம் வழக்கமில்ல தம்பி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார்களாம். எனக்குத் தயிர்சாத வாசனை வந்துவிட்டது.

கீழ் டிவிஷனில் கையெழுத்துப் போட்டான். அவன் அப்பாவுக்கு என்மேல் வருத்தம், மாதத் தொகை போயிற்றே என்று. அது நியாயமான வருத்தம், வீட்டில் வருமானம் அப்படி. போன ஞாயிறு முதல் ஆட்டம். சாயங்காலம் போன் பண்ணினேன். "டாஸ் போட்டாங்க சார். லெவன்ல என் பேரு இருந்துது. பேடு கட்டிட்டேன்" என்றான். அப்புறம்? "அப்புறம் மழை சார்."